மாயா இடிபாடுகளுக்கு ஒரே நாள்: கான்கூனிலிருந்து எங்கே, யாருடன், எத்தனை மணிக்கு?

மெக்சிகோவின் கான்கூனில் கடற்கரை விடுதி எடுத்துத் தங்குகிறவர்கள் எப்படியும் ஒரு நாளை மாயா இடிபாடுகளுக்கு ஒதுக்கிவிடுகிறார்கள். விடுதி வரவேற்பறையிலேயே அதற்கென்று ஒரு மேசை இருக்கும். பெரிய பிரமிடு நிற்கும் சிச்சென் இட்சா இடிபாடு, செனோட்டே என்னும் இயற்கைக் கிணற்றில் குளியல், வாயதோலித் நகரம், மதியச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து ஒரே விலை என்று வண்ணத்தாளை நீட்டுவார்கள். பெரும்பாலோர் நின்ற இடத்திலேயே பணம் கட்டிவிடுகிறார்கள். அந்த அவசரம் வேண்டாம் என்பேன். அதே பிரமிடைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர் பல ஆண்டுகள் அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார். இன்னொருவர் தலைவலியோடு திரும்பி, மறுநாள் கடலில் இறங்கியதும் அதை மறந்துவிடுகிறார். எத்தனை மணிக்கு அங்கே போய் நிற்கிறோம், பக்கத்தில் நின்று விளக்குகிறவர் யார் என்ற இரண்டும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. எந்த இடிபாடு என்ற தேர்வுகூட என் கணக்கில் அதற்கு அடுத்தபடிதான்.

பெரிய பஸ்ஸில் போனால்

கான்கூனிலிருந்து சிச்சென் இட்சா ஏறத்தாழ 200 கிலோமீட்டர். சுங்கச்சாலையில் நேராகப் போனால் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனால் ஐம்பது பேர் ஏறும் சுற்றுலா பஸ் நேராகப் போவதில்லை. விடிகாலையில் சிறு வேன் ஒன்று விடுதி விடுதியாக நின்று ஆட்களை ஏற்றும்; பிறகு ஒரு பொது இடத்தில் எல்லோரையும் இறக்கி மொழிவாரியாகப் பிரித்துப் பெரிய பஸ்ஸில் ஏற்றுவார்கள். வழியில் கைவினைப் பொருள் கடை ஒன்றில் நிறுத்தம். அங்கே எரிமலைக் கண்ணாடிக் கல்லில் செய்த பொம்மைகளையும், பெயரை மாயா எழுத்தில் பொறித்துத் தரும் வெள்ளிப் பதக்கங்களையும் காட்டி அரை மணி, முக்கால் மணி கரைந்துவிடும். அதன் பிறகு செனோட்டே, அதன் பிறகு சாப்பாடு. இடிபாட்டு வாசலை எட்டும்போது உச்சிவெயில்.

அந்த நேரத்தில் குக்குல்கான் பிரமிடின் முன்னால் உள்ள திடலில் நிழல் என்று சொல்ல எதுவும் இல்லை. வெயில் கொடுமை ஒருபுறம் இருக்கட்டும். சூரியன் தலைக்கு நேரே நிற்கும்போது கல்லில் செதுக்கியவை கண்ணுக்கே தெரிவதில்லை. புடைப்புச் சிற்பத்தைக் காட்டுவது சாய்வான வெளிச்சம். உச்சிவேளையில் சுவர் முழுவதும் வெளிறிய ஒரே பரப்பாகிவிடும். அங்கே கிடைக்கும் இரண்டு மணி நேரத்தில் பாதி வழிகாட்டியோடு, மீதி தனியாக. இடமோ பெரியது. நாளெல்லாம் பயணம் செய்து, வந்த காரியத்துக்கு அதில் ஆறில் ஒரு பங்கு நேரம்கூட மிஞ்சுவதில்லை.

இருந்தாலும் பெரிய பஸ்ஸை நான் ஒதுக்கித் தள்ளமாட்டேன். தலைக்குச் செலவு குறைவு. வண்டி ஓட்ட வேண்டியதில்லை. ஸ்பானிய மொழி தெரியாதவர்களுக்கும் பயமில்லை. நாள் முடிவில் விடுதி வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். தனியாகப் பயணம் செய்பவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஆனால் விளம்பரத்தில் பார்க்கும் விலையை அப்படியே நம்ப வேண்டாம். சிச்சென் இட்சாவில் நுழைவுக் கட்டணம் இரண்டு பகுதியாக வசூலிக்கப்படுகிறது: ஒன்று மெக்சிகோவின் தேசியத் தொல்லியல் நிறுவனத்துக்கு, மற்றது யுகடான் மாநில அரசுக்கு. வெளிநாட்டவருக்கு இரண்டும் சேர்ந்து 600 பெசோவைத் தாண்டுகிறது. மலிவு விலைப் பயணங்கள் பலவற்றில் இந்தத் தொகை சேர்க்கப்பட்டிருக்காது. பஸ்ஸில் ஏறிய பிறகு தனியாகக் கேட்பார்கள். செனோட்டேயில் மிதவைச் சட்டைக்கும் பெட்டகத்துக்கும் வாடகை, சாப்பாட்டோடு குடிக்கும் பானத்துக்குத் தனி விலை என்று ஒவ்வொன்றாகச் சேரும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், விடிகாலையில் கிளம்பும் சிறிய குழுப் பயணத்தின் விலைக்கு அருகில் வந்து நிற்கிறது.

விடிகாலை வேனும் ஒரு மணி நேர லாபமும்

இந்தச் சிறிய குழுப் பயணத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வேனில் போவார்கள். கடை நிறுத்தம் இருக்காது. முதல் நிறுத்தமே இடிபாடுதான். வாசல் காலை எட்டு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர நள்ளிரவில் எழுந்திருக்க வேண்டுமோ என்று பலர் தயங்குகிறார்கள். தேவையில்லை. கான்கூன் இருக்கும் கின்டானா ரோ மாநிலம் 2015 முதல் தனி நேர மண்டலத்தில் இருக்கிறது. சிச்சென் இட்சா இருக்கும் யுகடான் மாநிலத்தின் கடிகாரம் அதைவிட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. 2022-இல் மெக்சிகோவின் பெரும்பகுதி கோடைகால நேர மாற்றத்தைக் கைவிட்ட பிறகு இந்த ஒரு மணி வித்தியாசம் ஆண்டு முழுவதும் நீடிக்கிறது. ஆகவே கான்கூனில் ஆறேகாலுக்குக் கிளம்பினாலும், யுகடான் நேரப்படி எட்டு மணிக்குச் சற்று முன்பே வாசலில் நிற்கலாம். திரும்பும்போது அந்த ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போய்விடும். இரவில் வேறு நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்திருப்பவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளட்டும்.

எட்டு மணிக்கு உள்ளே போகும்போது வியாபாரிகளே அப்போதுதான் கைவண்டிகளில் சரக்கைத் தள்ளிக்கொண்டு வருவார்கள். மரங்களுக்கு இடையிலான பாதை முடிந்ததும் திடல் திறக்கும்; எதிரே பிரமிடு. கீழ்த்தளம் முதல் உச்சிக் கோயில் வரை ஏறத்தாழ 30 மீட்டர் உயரம், ஒன்பது அடுக்குகள். நான்கு பக்கப் படிக்கட்டுகளிலும் பக்கத்துக்கு 91 படிகள். உச்சி மேடையையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365. காலைச் சூரியன் கிழக்குப் பக்கத்தை மட்டும் ஒளிர வைக்க, அடுக்குகளின் விளிம்புகள் கத்தியால் வெட்டியதுபோல் பிரிந்து தெரியும். வடக்குப் படிக்கட்டின் அடியில் வாய் பிளந்து கிடக்கும் இரண்டு பாம்புத் தலைகளின் பல்வரிசையைக்கூட அந்த வெளிச்சத்தில் எண்ணிப் பார்க்கலாம். பத்தரை மணிக்குப் பெரிய பஸ்கள் வரத் தொடங்கும்போது நாம் முழு இடத்தையும் பார்த்து முடித்திருப்போம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பிரமிடில் ஏற முடியாது. 2006-இல் ஒரு பயணி படியிலிருந்து விழுந்து இறந்த பிறகு ஏற்றம் தடை செய்யப்பட்டது. வடக்குப் படிக்கட்டில் பாம்பு நெளிந்து இறங்குவதுபோல் தோன்றும் நிழல் விளையாட்டோ மார்ச், செப்டம்பர் சம இரவு நாட்களை ஒட்டிப் பிற்பகலில்தான் தெரியும். அந்த நாட்களில் திடல் முழுவதும் மனிதத் தலைகளாக இருக்கும். அதைக் காண்பதற்கென்றே போகிறவர்கள் சம இரவு நாளுக்கு ஓரிரு நாள் முன்போ பின்போ போனால் போதும், நிழல் அப்போதும் விழும்.

வாயதோலித்தில் ஓர் இரவு

எனக்குப் பிடித்த வழி இதுதான். கடற்கரை விடுதியில் ஓர் இரவைக் குறைத்துக்கொண்டு வாயதோலித்தில் தங்குவது. 1540-களில் ஸ்பானியர் நிறுவிய சிறு நகரம். 1847-இல் மாயா மக்கள் ஸ்பானிய வம்சாவளி ஆட்சியாளர்களுக்கு எதிராகத் தொடங்கிய நீண்ட போரில் மறு ஆண்டே இந்நகரம் மாயாக்களின் கைக்கு வந்தது. இன்றும் சந்தையிலும் பஸ் நிலையத்திலும் மாயா மொழி காதில் விழும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தப் பகுதியின் மாயா மொழியான யுகடெக் மாயாவைப் பேசுவோர் ஏழரை லட்சத்துக்கும் மேல். மாயா என்றாலே காட்டுக்குள் காணாமல் போன நாகரிகம் என்ற எண்ணத்தோடு வருகிறவர்களுக்கு, இடிபாட்டைப் பார்க்கும் முன்பே இந்த ஊர் பாதிப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

கான்கூனிலிருந்து ஆடோ நிறுவனத்தின் குளிரூட்டிய பஸ்கள் நாள் முழுவதும் வாயதோலித்துக்குப் போகின்றன. அங்கிருந்து சிச்சென் இட்சா 45 கிலோமீட்டர்தான். ஆள் நிறைந்ததும் புறப்படும் பங்கு வேன்கள் முக்கால் மணியில் கொண்டுபோய் விடும். உள்ளூர் மக்கள் இவற்றைக் கொலெக்டிவோ என்கிறார்கள். காலை முதல் வேனில் ஏறினால் வாசல் திறக்கும்போது அங்கே இருக்கலாம். பார்த்து முடித்துப் பதினொன்றரைக்கெல்லாம் ஊர் திரும்பி, நகர் நடுவிலேயே இருக்கும் சாசி செனோட்டேயில் குளித்துவிட்டு, மாலை பஸ்ஸில் கான்கூன் போய்விடலாம். குளிக்கும் முன் உடம்பில் பூசிய வெயில் களிம்பைக் கழுவச் சொல்வார்கள். தயங்காமல் கழுவுங்கள், சுண்ணாம்புப் பாறைக்கு அடியில் ஓடும் அந்த நீரைத்தான் ஆறுகளே ஓடாத இந்த வட யுகடான் நிலம் முழுவதும் நம்பியிருக்கிறது.

சாப்பாட்டு விஷயத்திலும் இந்த ஊர் மேல். பயண நிறுவனங்கள் அழைத்துப் போகும் உணவுக்கூடங்களில் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சோறும் வெட்டிய காய்களும்தான். கறுப்பு பீன்ஸை எடுத்துக்கொள்ளலாம் என்றால், பன்றிக் கொழுப்பில் வதக்கியிருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்வது நல்லது. வாயதோலித்தில் சிகில் பாக் கிடைக்கும்: வறுத்த பூசணி விதையை அரைத்துச் சுட்ட தக்காளி, மிளகாய், கொத்தமல்லி சேர்த்தது. எள்ளுத் துவையலை நினைவுபடுத்தும் ருசி. சோள ரொட்டித் துண்டில் தொட்டுச் சாப்பிட்டால் வயிறும் நிறையும்.

சொந்தமாக வாடகைக் கார் எடுப்பவர்களுக்கும் வாயதோலித்தான் வசதி. ஆனால் சுங்கச்சாலைக் கட்டணம் அதிகம், கார் காப்பீடு அதைவிட அதிகம். சுங்கமில்லாத பழைய சாலை ஒவ்வொரு கிராமத்து எல்லையிலும் உயரமான வேகத்தடைகளோடு நகரும். இருட்டில் அவை கண்ணுக்கே தெரியாது. பகலில் மட்டும் ஓட்டுவதாக இருந்தால் எடுங்கள். மாயா ரயிலும் 2023 டிசம்பர் முதல் ஓடுகிறது. சிச்சென் இட்சாவுக்கும் வாயதோலித்துக்கும் நிலையங்கள் உண்டு. ஆனால் நிலையம் இடிபாட்டு வாசலில் இல்லை, இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டும். ரயில் ஆசைக்காகப் போகலாம். காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்பதற்கு நான் அதை நம்பமாட்டேன்.

வழிகாட்டி யார்?

வாயதோலித் வழியில் போகிறவர்களுக்கு வழிகாட்டி எங்கே கிடைப்பார்? சிச்சென் இட்சா வாசலிலேயே. அரசு அங்கீகார அட்டை கழுத்தில் தொங்க, நுழைவுச் சீட்டு கொடுக்கும் இடத்துக்கு அருகில் நிற்பார்கள். கட்டணம் தலைக்கு அல்ல, குழுவுக்கு. ஆகவே வரிசையில் நிற்கும் இன்னொரு குடும்பத்தோடு பேசிப் பகிர்ந்துகொள்ளலாம். அங்கே அது சகஜம். எந்த மொழியில், எவ்வளவு நேரம், என்னென்ன பகுதிகள் என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குக் குறைந்தால் பிரமிடு, பந்து மைதானம் இரண்டோடு முடிந்துவிடும். புனித செனோட்டேயும், தெற்கே வட்டக் கோபுரத்தோடு நிற்கும் வான் நோக்குக் கட்டடமும் விட்டுப்போகும்.

வழிகாட்டி எதற்கு, பலகையைப் படித்துக்கொண்டு நடந்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு நான் பந்து மைதானத்தைச் சொல்வேன். 168 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். பண்டைய நடு அமெரிக்கப் பந்து மைதானங்களில் இதுவே பெரியது. உள்ளே வருகிறவர்கள் எல்லோரும் அண்ணாந்து சுவரின் உச்சியில் பதித்த கல் வளையத்தைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். விஷயம் தெரிந்த வழிகாட்டி நம்மைச் சுவரின் அடிப்பகுதிக்கு அழைத்துப் போவார். முழங்கால் உயரத்தில் நீண்டு ஓடும் சரிவான கல்வரிசையில் இரண்டு அணி ஆட்டக்காரர்கள் எதிரெதிராக நிற்கிறார்கள். நடுவில் பெரிய பந்து. பந்துக்குள் ஒரு மண்டையோடு. இடப்பக்கத்து ஆட்டக்காரன் ஒரு கையில் கத்தியும் மறு கையில் அறுத்த தலையும் வைத்திருக்கிறான். வலப்பக்கத்தவன் தலையில்லாமல் முழங்காலிட்டிருக்கிறான். அவன் கழுத்திலிருந்து பீறிடும் ரத்தம் பாம்புகளாக நெளிகிறது. பாம்புகளுக்கு நடுவே ஒரு கொடி எழுந்து பூவும் காயுமாகப் படர்கிறது. விரல் நீட்டி ஒருவர் காட்டினால் ஒழிய, அரித்துப்போன அந்தக் கல்லில் இதையெல்லாம் தனியாகக் கண்டுபிடிப்பது அரிது. ஒருமுறை கண்டுவிட்டால், சாவிலிருந்து பயிர் முளைக்கும் என்று நம்பிய மக்களின் மனத்துக்குள்ளேயே எட்டிப் பார்த்ததுபோல் இருக்கும்.

தலை இழந்தவன் வென்றவனா, தோற்றவனா? இங்கேதான் வழிகாட்டியின் தரம் தெரிந்துவிடும். வென்றவனைத்தான் பலியிட்டார்கள் என்று சத்தியம் செய்பவர்கள் உண்டு; உறுதியான சான்று எதற்கும் கிடையாது. அதை ஒளிக்காமல் சொல்கிறவரே நல்லவர். கன்னிப்பெண்களைப் புனித செனோட்டேயில் தள்ளினார்கள் என்ற கதையும் அப்படித்தான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கரான எட்வர்ட் தாம்சன் அந்தக் கிணற்றைத் தூர்வாரியபோது பச்சைக்கல், தங்கம், எலும்புகள் வெளிவந்தன. எலும்புகளில் ஆண்களுடையவையும் குழந்தைகளுடையவையும் இருக்கின்றன. அதே கிணற்றுக்கு அருகே 1967-இல் கண்டெடுக்கப்பட்ட நிலத்தடித் தொட்டி ஒன்றில் நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளின் எலும்புகள் இருந்தன. அவற்றில் 64 பேரின் மரபணுவைச் சோதித்த ஆய்வு 2024-இல் வெளியானது: அத்தனை பேரும் ஆண் குழந்தைகள், அவர்களில் இரண்டு சோடி ஒத்த இரட்டையர். பலர் நெருங்கிய உறவினர். மாயா புராணத்தில் பாதாள உலகுக்குப் போகும் இரட்டையர் கதையோடு இதை ஆய்வாளர்கள் சேர்த்துப் பார்க்கிறார்கள். இந்த ஆய்வைப் பற்றி உங்கள் வழிகாட்டியிடம் கேளுங்கள். தெரிந்தவராக இருந்தால் அன்றைய நாள் உங்களுக்கு நல்ல நாள்.

பிரமிடின் வடக்குப் படிக்கட்டின் முன் கைதட்டினால் கீச்சென்று ஓர் எதிரொலி திரும்பி வரும். எல்லா வழிகாட்டிகளும் தட்டிக் காட்டுவார்கள். க்வெட்சால் பறவையின் குரல் என்பார்கள். கேட்பதற்கு அப்படித்தான் இருக்கிறது. கட்டியவர்கள் அதை வேண்டுமென்றே செய்தார்களா என்பது வேறு கேள்வி. காலை எட்டரைக்கு அந்த ஒலி தெளிவாகக் கேட்கும். பதினொரு மணிக்கு நூறு பேர் ஒரே நேரத்தில் தட்டிக்கொண்டிருப்பார்கள்.

பெரிய பஸ்ஸின் வழிகாட்டிகளிலும் நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் நாற்பது பேரைக் குடைக்கம்பைப் பிடித்து இழுத்துப் போகும்போது யாரையும் முழங்கால் உயரச் சிற்பத்தின் முன் குனிய வைக்க முடியாது. அதனால்தான் ஆளைவிடக் குழுவின் அளவை முதலில் கேட்கச் சொல்கிறேன்.

உள்ளே இருக்கும் வியாபாரிகளைப் பற்றிக் குறை சொல்லாதவர்கள் குறைவு. சிறுத்தை உறுமலை எழுப்பும் ஊதலை ஊதிக்கொண்டே இருப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களின் மாயா மக்கள். பிரமிடு நிற்கும் நிலமே 2010-இல் மாநில அரசு வாங்கும் வரை ஒரு தனியார் குடும்பத்தின் சொத்தாக இருந்தது. தங்கள் முன்னோர் எழுப்பிய கல்லின் நிழலில் கடை போடும் உரிமைக்காக அவர்கள் நெடுங்காலம் போராடியிருக்கிறார்கள். வேண்டாம் என்றால் சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு நடக்கலாம். வாங்குவதாக இருந்தால் நிறுத்தக் கடையில் வாங்குவதைவிட இங்கே வாங்குவது அவர்கள் கைக்கு நேராகப் போகும்.

சிச்சென் இட்சா கட்டாயமா?

கட்டாயமில்லை. 2007-இல் புதிய ஏழு அதிசயங்களின் பட்டியலில் சேர்ந்ததிலிருந்து எல்லோரும் அங்கேயே குவிகிறார்கள்.

துலூம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கான்கூனிலிருந்து தெற்கே 130 கிலோமீட்டர், கடலோரப் பாறை மேல் மூன்று பக்கம் மதில் சூழ்ந்த சிறிய துறைமுக நகரம். ஸ்பானியக் கப்பல்கள் 1518-இல் இந்தக் கரையோரம் போனபோது இங்கே மக்கள் வாழ்ந்துகொண்டிருந்தார்கள். நீலக் கடலுக்கு முன்னால் கோயில் நிற்கும் அந்தக் காட்சிக்கு ஈடில்லை. ஆனால் கட்டடங்கள் சிறியவை, எல்லாவற்றையும் கயிற்றுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும், நிழல் அறவே இல்லை. ஒன்றரை மணி நேரம் போதும். அரை நாள் மட்டும் கையில் இருக்கிறவர்களுக்கு ஏற்றது. வழிகாட்டி இல்லாமலேயே போகலாம். மாயா உலகத்தின் பெருமையை இதை மட்டும் வைத்து எடைபோட வேண்டாம்.

துலூமிலிருந்து உள்நாட்டுப் பக்கம் 45 கிலோமீட்டர் போனால் கோபா. ஏரிகளுக்கு நடுவே, பெரும்பகுதி இன்னும் காட்டுக்குள் மூடிக்கிடக்கும் நகரம். ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கு நான் தயங்காமல் கோபாவைத்தான் சொல்வேன். பாதை முழுவதும் மர நிழல். கட்டடங்களுக்கு இடையே தூரம் அதிகம் என்றாலும், முன்னால் இருவர் உட்கார்ந்து போகும் மூன்று சக்கர மிதிவண்டிகள் வாடகைக்கு இருக்கின்றன. நடக்க முடிந்தவர்கள் சைக்கிள் எடுத்துக்கொள்ளலாம். பண்டை மாயாக்கள் வெள்ளைச் சுண்ணாம்பு பரப்பி அமைத்த மேட்டுச் சாலைகள் இந்த நகரத்திலிருந்து எல்லாத் திசைகளிலும் கிளம்பின; அவற்றில் ஒன்று யஷுனா என்ற ஊர் வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் ஓடுகிறது. வண்டி இழுக்கும் விலங்கும் இல்லாமல், சக்கர வண்டியும் இல்லாமல் போட்ட சாலை. 42 மீட்டர் உயர நோஹோச் முல் பிரமிடு இங்கேதான் இருக்கிறது.

எக் பாலம் வாயதோலித்துக்கு வடக்கே அரை மணிப் பயணம். சிறியது, கூட்டம் குறைவு. பெரிய மேட்டுக் கோட்டையின் மேல்பகுதியில் உகித் கான் லெக் தோக் என்ற எட்டாம் நூற்றாண்டு அரசனின் கல்லறை. அதன் வாசல் ஒரு பெரும் பூதத்தின் திறந்த வாய். கோரைப் பற்களைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். சுதையால் செய்த உருவங்கள் ஆயிரம் ஆண்டுக்கு மேல் மண்ணுக்குள் மூடிக் கிடந்ததால் மூக்கும் விரலும் உடையாமல் நிற்கின்றன. முதுகில் இறக்கை விரித்த மனிதர்களும் இருக்கிறார்கள். மாயா இடிபாடுகளில் சுதைச் சிற்பம் இவ்வளவு முழுமையாகத் தப்பியிருப்பது மிகவும் அரிது. கோபா, எக் பாலம் இரண்டிலும் படியேறும் விதிகள் 2020 முதல் மாறிவந்திருக்கின்றன. எக் பாலத்தில் இந்த வாசலை அருகில் பார்ப்பதே முக்கியம் என்பதால், முன்பணம் கட்டுமுன் அன்றைய விதி என்ன என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டடக்கலையை நேசிப்பவர்களுக்கு என் பதில் வேறு: உஷ்மால். இதற்குக் கான்கூனில் தங்கினால் சரிவராது. யுகடான் மாநிலத் தலைநகரான மெரிதாவுக்குப் போக வேண்டும். மெரிதாவிலிருந்து தெற்கே 80 கிலோமீட்டர். சமதள யுகடானில் குன்றுகள் தலைகாட்டும் பகுதி இது. இங்கே செனோட்டே கிடையாது. மழைநீரைப் பிடித்து நிலத்தடித் தொட்டிகளில் சேமித்து வைத்தே ஒரு நகரம் வாழ்ந்தது. மழைக்கு ஏங்கிய அந்த ஏக்கம் சுவரெங்கும் சாக் என்னும் மழைக் கடவுளின் முகங்களாக நிற்கிறது. ஒவ்வொரு முகமும் தனித்தனிக் கல்லால் ஆனது: கண்ணுக்கு ஒரு கல், காதணிக்கு ஒன்று, முன்னால் நீண்டு வளையும் மூக்குக்கு ஒன்று. தனியே செதுக்கிக் கொண்டுவந்து சுவரில் பொருத்தியிருக்கிறார்கள். ஆளுநர் மாளிகை என்று பெயர் பெற்ற கட்டடம் ஏறத்தாழ 100 மீட்டர் நீளம். அதன் முகப்பில் மட்டும் ஆயிரக்கணக்கான கற்கள் இப்படிப் பொருத்தப்பட்டிருக்கின்றன. மேல்பாதி முழுவதும் நுணுக்கம், கீழ்பாதி முழுவதும் வெறும் மழமழச் சுவர். அந்த வெறுமைதான் மேலே இருப்பதைத் தூக்கிக் காட்டுகிறது.

உஷ்மாலின் மந்திரவாதிப் பிரமிடோ கூர்முனைகள் இல்லாமல் முட்டை வடிவ அடித்தளத்தில் எழுகிறது. முட்டையிலிருந்து பிறந்த குள்ளன் ஒருவன் ஒரே இரவில் கட்டினான் என்று கதை. சிச்சென் இட்சாவில் நிற்கும்போது அதிகாரம் கண்ணில் படுகிறது, உஷ்மாலில் கைவேலை. எனக்கு இரண்டாவதுதான் நெருக்கம். கூட்டமும் வியாபாரமும் இங்கே குறைவு. தனி வண்டி இருந்தால் பக்கத்திலேயே இருக்கும் கபா இடிபாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே சுவர் முழுவதும் இருநூற்றுக்கும் மேற்பட்ட மழைக் கடவுள் முகங்கள். பொதுப் பேருந்து குறைவான தடம் என்பதால், மெரிதாவிலிருந்து சிறு குழுப் பயணமோ ஓட்டுநரோடு கூடிய காரோ எடுப்பதே உத்தமம். நான்கு பேர் பகிர்ந்தால் தனிக் காரின் விலை தாங்கக்கூடியதாகிவிடும்.

கப்பல் பயணிகளுக்கு இன்னொரு கணக்கு. கோசுமெல் தீவில் கப்பல் நிற்கும் அன்று சிச்சென் இட்சாவுக்குப் போவது வீண் ஓட்டம்: படகில் கரைக்கு வருவதற்கே முக்கால் மணி, பிறகு இரண்டரை மணி சாலை, திரும்பவும் அதே. துலூமோடு நிறுத்திக்கொள்ளலாம். மெரிதாவுக்கு வடக்கே இருக்கும் ப்ரோக்ரெசோ துறைமுகத்தில் இறங்குகிறவர்களுக்கு உஷ்மால் கைக்கெட்டும் தூரம்தான். கப்பல் நிறுவனமே நடத்தும் பயணத்துக்கு விலை கூடுதல் என்றாலும் அது தாமதமானால் கப்பல் காத்திருக்கும். வெளியே ஏற்பாடு செய்த வண்டி தாமதமானால் காத்திருக்காது. இந்த ஓர் இடத்தில் மட்டும் கூடுதல் பணம் கொடுப்பதை நான் ஆதரிக்கிறேன்.

எந்த நிறுவனத்திடம் பதிவு செய்தாலும் பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை சில உண்டு. இடிபாட்டு வாசலில் யுகடான் நேரப்படி எத்தனை மணிக்கு இறக்குவீர்கள், எத்தனை மணிக்குத் திரும்ப ஏற்றுவீர்கள்? முதல் நிறுத்தம் எது? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? இரண்டு நுழைவுக் கட்டணங்களும் சேர்ந்ததா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாள் குறிக்கும்போது ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள். அன்று மெக்சிகோ மக்களுக்கு நுழைவு இலவசம் என்பதால் உள்ளூர்க் குடும்பங்கள் திரளாக வரும். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியை நெருங்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இதமாக இருக்கும், டிசம்பர் கடைசி வாரத்தில் மட்டும் எல்லா இடமும் நிரம்பி வழியும். கேமரா முக்காலியும் ட்ரோனும் கொண்டுபோக வேண்டாம், உள்ளே விடமாட்டார்கள். தொப்பியும் தண்ணீரும் சில்லறைப் பெசோ நோட்டுகளும் கையில் இருக்கட்டும்; வழிகாட்டிக்குக் கொடுக்கும் அன்பளிப்பையும் பெசோவிலேயே கொடுங்கள்.